ரவையா, கடுகா? கடல்மீன் தொட்டி வேலையில் மணல் எடுக்கும் பாடம்

கடல்மீன் தொட்டி வேலை கற்றுக்கொள்ள வருகிற தம்பிகள் பம்ப்பைப் பற்றிக் கேட்பார்கள், லைட்டைப் பற்றிக் கேட்பார்கள், எந்தக் கம்பெனி உப்பு என்று கேட்பார்கள். மணலைப் பற்றிக் கேட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் மட்டும் கேட்பார். கொட்டேஷனைக் கையில் வாங்கியதும் அவர் விரல் போய் நிற்கிற இடம் அந்த வரிதான். "மணலுக்கா இவ்வளவு? பாலத்துக்கு இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். மணலுக்கா பஞ்சம்?"

மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே இந்தத் தொழிலைச் செய்ய நினைத்தால், இந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அது தெரியாமல் இருந்த காலத்தில் மூன்று மீன்கள் செத்தன. ஒரு வாடிக்கையாளரும் போனார்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் அது. தில்லைநகரில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம், நாலடித் தொட்டி. தரை பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் ஆசைப்பட்டார். கிளிஞ்சல் உடைசல் வாங்கி, அலசி, ஓர் அங்குலத்துக்குப் பரப்பினேன். பார்க்க அவ்வளவு அழகு. அதில் மூன்று மஞ்சள் ராஸ் விட்டேன். பகலெல்லாம் நன்றாகத்தான் திரிந்தன. ஒரு மாதத்துக்குள் ஒன்றுக்கு வாய் வீங்கியது. இன்னொன்றுக்கு விலாவில் செதில் உரிந்து சிவப்பாகப் புண் வைத்தது. அம்மோனியா பார்த்தேன், நைட்ரேட் பார்த்தேன், உப்பின் அடர்த்தி பார்த்தேன். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. மருந்து ஊற்றினேன். மூன்றும் போயின.

சென்னை கொளத்தூரில் எனக்கு மீன் அனுப்புகிற பெரியவரிடம் போனில் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ராத்திரி அது எங்கடா தூங்குது?"

எனக்குத் தெரியவில்லை. கூடத்து விளக்கை அணைக்கும்வரை நான் ஒருநாள்கூட அங்கே இருந்ததில்லை.

மஞ்சள் ராஸ் மணலுக்குள் தூங்குகிற மீன். பொழுது சாய்ந்ததும் தலைகுப்புறப் பாய்ந்து ஒரே உதறலில் உள்ளே போய்விடும். அந்த மருத்துவமனைத் தொட்டியில் ஒவ்வொரு இரவும் அவை கிளிஞ்சல் விளிம்பில் மோதி மோதி இடம் தேடியிருக்கின்றன. அடியில் ஓர் அங்குலத்தில் கண்ணாடி. அன்றிலிருந்து எந்தத் தொட்டிக்கு ஆர்டர் வந்தாலும் அந்தப் பெரியவரின் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். மீன் பட்டியல் கைக்கு வரும்வரை மணலுக்கு விலை சொல்வதில்லை.

யார் எங்கே தூங்குகிறார்கள்

கடைக்காரர் 'ராஸ்' என்று ஒரே பெயரில் சொல்வதெல்லாம் ஒரே பழக்கம் உள்ள மீன்கள் இல்லை. ஹாலிகோரஸ், கோரிஸ், லெப்பர்டு ராஸ் வகைகள் மணலில் புதைகிறவை. சிக்ஸ் லைன் ராஸும் ஃபேரி ராஸும் பாறை இடுக்கில் தூங்குகிறவை. சிக்ஸ் லைன் தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு பை செய்துகொண்டு அதற்குள் படுக்கும். வாடிக்கையாளர் கேட்பது இந்த இரண்டாம் வகை என்றால் கண்ணுக்கு அழகாக மெல்லியதாய் மணல் போட்டால் போதும், அவர் பணமும் மிச்சம். அதை நீங்களாகவே அவரிடம் சொல்லுங்கள். மணல் விலையை ஒருமுறை குறைத்துச் சொன்னவர் அடுத்த முறை கூட்டிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

புதைகிற ராஸுக்கு வேண்டியது ரவை. ஆங்கில அட்டைகளில் 'சர்க்கரை அளவு' என்று அச்சிட்டிருப்பார்கள். நம் கடைச் சர்க்கரை அதைவிடப் பெரிது, அந்த ஒப்பீடு நமக்கு உதவாது. பாம்பே ரவையை உள்ளங்கையில் கொட்டி, பக்கத்தில் மணலைக் கொட்டிப் பாருங்கள். அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர்வரை இருக்க வேண்டும். மைதா போல இருந்தால் பம்ப் ஓடும்போதெல்லாம் தொட்டிக்குள் புழுதி கிளம்பி, பாறைமேல் படிந்து, கண்ணாடியை மங்க வைக்கும். கடுகைத் தாண்டினால் மீனின் உடம்பு கிழியும். ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர். மீன் ஒரு சாணை நெருங்கினால் 7, 8 வரை போங்கள். ராஸ் உள்ளே போன இடத்தில் துளை இருக்காது, மணல் தண்ணீர் போல வழிந்து மூடிக்கொள்ள வேண்டும். ரவை வழியும், கிளிஞ்சல் உடைசல் வழியாது.

காவிரியில் தூண்டில் போட்டவர்களுக்கு உழுவை தெரிந்திருக்கும். அதன் கடல் உறவுகளைத்தான் நாம் கோபி என்கிறோம். டைமண்ட் கோபி மாதிரியான வகைகள் வாய் நிறைய மணலை அள்ளி, மென்று, உள்ளே இருக்கும் சிறு புழு பூச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாகக் கொட்டும். நாள் முழுக்க இதே வேலை. மணல் கூராக இருந்தால் வாயும் செவுளும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவற்றுக்கும் ரவைதான், 4, 5 சென்டிமீட்டர் போதும். 'மணலைச் சுத்தம் செய்யும் மீன்' என்று சொல்லி இதை விற்பவர்கள் ஒன்றைச் சொல்ல விட்டுவிடுகிறார்கள். சில வாரங்களில் மணலில் உள்ள இரை தீர்ந்துவிடும், பிறகு வயிறு ஒட்டிப்போய்ச் சாகும். தினம் இரண்டு வேளை தரையில் விழுகிற தீனி போட ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு விற்பனை செய்யுங்கள்.

வாட்ச்மேன் கோபியும் பிஸ்டல் இறாலும் சேர்ந்து வாழ்கிற ஜோடியை ஒருமுறையாவது கிட்ட உட்கார்ந்து பாருங்கள். இறாலுக்குப் பார்வை மட்டு. வளை தோண்டுவது அதன் வேலை, வாசலில் காவல் நிற்பது கோபியின் வேலை. இறால் ஒரு சிறு கல்லை முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதன் மீசை ஒன்று எப்போதும் கோபியின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். யாராவது கண்ணாடி அருகே கையை ஆட்டினால் கோபி வாலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். அடுத்த நொடி இறால் உள்ளே. இந்த ஜோடிக்கு ரவை மட்டும் போதாது. வெறும் ரவையில் தோண்டிய வளை அன்றைக்கே இடிந்து விழும். ரவையோடு கால் பங்கு கடுகு, பச்சைப்பயறு அளவுத் துண்டுகள் கலந்திருந்தால்தான் கூரை நிற்கும்.

ஜாஃபிஷ் இதைவிடப் பெரிய கொத்தனார். பெரிய வாயில் கல்லைக் கவ்வி வந்து கிணற்றுக்கு உறை போடுவது போல வளையின் சுவரை அடுக்கும். இரவில் வாசலை ஒரு சிப்பியாலோ கல்லாலோ மூடிக்கொள்ளும். முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பது ஆண் மீன். இதற்கு ரவை, கடுகு, பயறு, கொண்டைக்கடலை என்று எல்லா அளவும் வேண்டும். நான் முன்னே திட்டிய கிளிஞ்சல் உடைசலுக்கு இங்கே இடம் உண்டு. ஆழம் 15 சென்டிமீட்டர். தொட்டி முழுக்க அவ்வளவு போட வேண்டாம், ஒரு மூலையில் மட்டும் போட்டால் போதும். அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறேன்.

கார்டன் ஈல் கேட்டால் மறுத்துவிடுங்கள். படத்தில் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 20 சென்டிமீட்டருக்கு மேல் மணல், கூட்டமாக வைக்கும் அளவுக்கு இடம், நாள் முழுக்க நீரில் மிதந்து வரும் தீனி என்று அது கேட்பதை ஒரு துணிக்கடை வரவேற்பறையில் யாராலும் கொடுக்க முடியாது. திருக்கை கேட்டாலும் இதே பதில்தான்.

மணல் எங்கிருந்து வருகிறது

இங்கேதான் திருச்சிக்காரருக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. சுற்றிலும் மணலும் கல்லும் கிடக்கிற ஊர் இது. ஒவ்வொன்றும் சபலம்தான்.

ஆற்று மணல் முக்கால்வாசி குவார்ட்ஸ். 'சிலிக்கா மணல் போட்டால் பாசி கொழிக்கும்' என்று சொல்லி இதை ஒதுக்குவார்கள். அந்தப் பயம் மிகை என்பது என் அனுபவம், குவார்ட்ஸ் தண்ணீரில் அவ்வளவு எளிதில் கரைவதில்லை. நான் ஆற்று மணலை ஒதுக்கும் காரணம் வேறு. அதனோடு களிமண்ணும் காக்காப்பொன்னும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து வருகின்றன, எத்தனை அலசினாலும் முழுக்கப் போனதா என்று சொல்ல முடியாது. அனுமதியில்லாமல் ஆற்றில் ஒரு சாக்கு அள்ளுவதும் குற்றம்தான். மூன்றாவது காரணம் கண்ணாடி. குவார்ட்ஸின் கடினம் 7. கண்ணாடிக்கு ஏறக்குறைய ஐந்தரை. பாசி துடைக்கும் காந்தத்தில் ஒரே ஒரு மணி சிக்கினாலும் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு இழுத்துவிடும். அந்தக் கோட்டை எதனாலும் அழிக்க முடியாது.

எம்-சாண்ட் பற்றி ஒரே வரி: கருங்கல்லை உடைத்த தூள், ஒவ்வொரு மணியும் கத்தி, தோண்டும் மீன் உள்ள தொட்டிப் பக்கமே அதைக் கொண்டுவராதீர்கள்.

அடுத்தது சுண்ணாம்புக்கல். கல்லக்குடி நம் மாவட்டம்தான். 1939-ல் டால்மியா சிமென்ட் ஆலை அங்கே வந்ததற்குக் காரணமே அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கெல்லாம் கடல் இருந்தது. அந்தக் காலத்துப் பவளமும் பாசியும் படிந்த பாறைகள் அந்தப் பக்கம் இருக்கின்றன, அந்தக் கடல் படிவுகளில் ஒரு தொகுதிக்குப் புவியியலாளர்கள் திருச்சிராப்பள்ளியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஒரு காலத்தில் கடலோரம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். அதற்காக அந்தக் கல்லின் சல்லியைத் தொட்டியில் கொட்ட முடியாது. உடைத்த கல் என்பதால் அதுவும் கூர், மண்ணும் இரும்பும் கலந்து வருகிறது.

கடற்கரை மணலை அள்ளி வரலாம் என்று தோன்றும். நம் கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ்தான், பல இடங்களில் இல்மனைட், கார்னெட் போன்ற கருமணல் தாதுக்களும் உண்டு. 'கறுப்புத் தரை வேண்டும், மஞ்சள் மீன் எடுப்பாகத் தெரியும்' என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு இந்தக் கருமணலைக் காட்டாதீர்கள். காகிதத்தில் கொஞ்சம் பரப்பி அடியில் ஒரு வலுவான காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். நகர்கிற மணி எதுவும் தொட்டிக்கு ஆகாது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து 'பவள மணல்', 'பவளத் துண்டு' கொண்டுவந்து தருகிறேன் என்று ஒருவர் எப்படியும் உங்களிடம் வருவார். விலை குறைவாக இருக்கும், மீனுக்கும் ஒத்துப்போகும், பார்த்தால் ஆசை வரும். வாங்கவே கூடாது. பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 ஜூலை முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. செத்த பவளம், உடைந்த துண்டு என்று சொல்லித் தப்ப முடியாது. மூன்றாண்டுக்குக் குறையாத சிறை, ஏழாண்டுவரை போகலாம். சட்டத்தை விடுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன, 1986-ல் அவற்றைச் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. நாம் ஒரு வரவேற்பறைக்கு அழகு செய்கிறோம். அதற்காகக் கடலின் தரையை உரிக்கிற வேலையில் நமக்குப் பங்கு இருக்கக் கூடாது.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? இறக்குமதியாகி வரும் அரகோனைட் மணல். கடல்நீரில் இயற்கையாகப் படிந்த கால்சியம் கார்பனேட் அது. பஹாமாஸ் பக்கத்திலிருந்து எடுப்பது பேர்போனது. மணி உருண்டையாக இருக்கும். கடினம் நாலுக்குமேல் போகாது, கண்ணாடியைக் கீறாது. பையில் மணியின் அளவு அச்சிட்டிருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள், நாளைக்கு யாராவது வந்து 'இது பவளமா?' என்று கேட்டால் உங்கள் கையில் இருக்கப்போவது அந்த பில் ஒன்றுதான். 'இந்த மணல் போட்டால் தண்ணீரின் காரத்தன்மை தானாகவே நிற்கும்' என்று விற்பனையாளர் சொல்வதைப் பாதிதான் நம்ப வேண்டும். ஓடுகிற தொட்டித் தண்ணீரின் பி.ஹெச். 8-க்குமேல் இருக்கும்போது அரகோனைட் கரையாது. மணலின் அடியாழத்தில், பி.ஹெச். இறங்கிய இடத்தில், மெல்லக் கரைவது உண்டு. காரத்தன்மையை வாராவாரம் சோதனைக் குழாயில் பார்த்தே ஆக வேண்டும். 'லைவ் சாண்ட்' என்ற ஈர மணல் பைக்கு இரட்டை விலை கொடுப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. உலர்ந்த மணலை வாங்கி, உங்கள் பராமரிப்பில் ஆரோக்கியமாக இருக்கும் ஒரு தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மணலை எடுத்துத் தூவி, நாலிலிருந்து ஆறு வாரம் காத்திருந்தால் அதுவும் உயிர் மணல்தான்.

பை பிரித்த மணலை நம்ப வேண்டாம், சோதியுங்கள். ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு ஸ்பூன் மணல், அதன்மேல் நாலு சொட்டு வினிகர். அரகோனைட் என்றால் சிறு சிறு குமிழாகப் பொங்கும், காதைக் கிட்ட வைத்தால் இரைச்சல்கூடக் கேட்கும். பக்கத்துத் தட்டில் ஆற்று மணலை வைத்து அதே போலச் செய்யுங்கள். சும்மா நனைந்து கிடக்கும். நான் இதை வாடிக்கையாளர் மேஜையிலேயே செய்து காட்டுகிறேன். அந்த இரண்டு தட்டைப் பார்த்த பிறகு மணல் விலையைப் பற்றிப் பேரம் பேசியவர் குறைவு.

வெளிநாட்டு மணலுக்குப் பணம் இல்லாத வீட்டு வாடிக்கையாளரும் உண்டு. வாட்டர் ஃபில்டர் போடுகிறவர்கள் விற்கும், சலித்து அளவு பிரித்த, மணி உருண்ட மணலை ராஸுக்குப் போடலாம். கண்ணாடி கீறும் ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் பட்டறையில் புது மீனைத் தனியாக வைக்கிற தொட்டிக்கு இந்த மணல்தான் சரி. அங்கே தாமிர மருந்து போட வேண்டி வரும். அரகோனைட் தாமிரத்தை உறிஞ்சிக்கொண்டு அளவைக் குழப்பும். அடியில் மணல் பரப்பாமல், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு ஜாண் அகலத்துக்கு மணல் வைத்தால் போதும், ராஸ் அதைத் தேடிப்போய்ப் படுத்துக்கொள்ளும்.

கொட்டேஷன் கணக்கு

நீளம், அகலம், மணல் ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். ஒரு லிட்டர் அரகோனைட் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. நாலடிக்கு ஒன்றரை அடித் தொட்டி என்றால் 120-ஐ 45-ஆல் பெருக்கி, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 27 லிட்டர். 40 கிலோ வாங்க வேண்டும். அதே தொட்டியில் ஜாஃபிஷுக்காக 15 சென்டிமீட்டர் போட்டால் 120 கிலோவைத் தாண்டும். அதற்குப் பதிலாகப் பின்மூலையில் 30-க்கு 30 அளவில், 15 சென்டிமீட்டர் உயரத்தில் அக்ரிலிக் தடுப்பு ஒட்டி, அதை மட்டும் கலப்பு மணலால் நிரப்புங்கள். பதின்மூன்றரை லிட்டர், 20 கிலோ. முன்பக்கம் மணலைச் சரித்துவிட்டால் தடுப்பு இருப்பதே தெரியாது.

மணல், அலசும் கூலி, வண்டிச் சத்தம் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். எந்த மீனுக்காக இந்த அளவு என்பதையும் அதே தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அவர் வேறு கடையில் ஒரு ஜாஃபிஷ் வாங்கிக்கொண்டு வந்து, 'வளை இடிகிறது, நீங்கள் போட்ட மணல் சரியில்லை' என்று சொல்லும் நாளில் அந்தத் தாள் பேசும்.

போடும் நாள்

பாறையை முதலில் வையுங்கள், மணலைப் பிறகு போடுங்கள். இந்த வரிசை மாறினால் என்றைக்காவது தொட்டி உடையும். மணல்மேல் உட்காரும் பாறையின் அடியை ஜாஃபிஷோ பிஸ்டல் இறாலோ ஒரே வாரத்தில் குடைந்துவிடும். பாறை சரிந்து கண்ணாடியில் இடிக்கும். பாறை நேராகத் தொட்டியின் அடியில், ஒரு பிளாஸ்டிக் வலைத் தகட்டின்மேல் உட்கார வேண்டும். கையால் அசைத்துப் பார்த்து, ஆடாது என்று தெரிந்த பிறகே மணல்.

மணலைப் பக்கெட்டில் போட்டுக் கையை விட்டுக் கலக்கி அலசுங்கள். கலங்கல் போகும்வரை மாநகராட்சித் தண்ணீர், கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில். தொட்டியில் ஒரு தட்டை வைத்து அதன்மேல் உப்புத் தண்ணீரை ஊற்றினால் மணல் கிளறாது. மறுநாள் தெளிந்துவிடும்.

மேலே வலை மூடி கட்டாயம். ராஸ், ஜாஃபிஷ் இரண்டும் பயந்தால் மேலே தாவும். காலையில் கூட்டுகிற அம்மா தரையில் கருவாடாகக் கண்டெடுப்பார்.

ஆழமான மணலுக்கு ஒரு எச்சரிக்கை. அடியில் காற்று போகாமல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். பழைய தொட்டியைக் காலி செய்யும்போது உயிர்களையெல்லாம் வேறு தண்ணீருக்கு மாற்றிய பிறகே மணலில் கை வைக்க வேண்டும். தோண்டும் மீன்கள் தாங்களாகவே மேல்மணலைப் புரட்டிக்கொண்டிருப்பதால் அங்கே இது குறைவு. பாறைக்குப் பின்னால், எந்த மீனும் போகாத மூலையில்தான் இது சேரும்.

உங்கள் உடம்பு

உலர்ந்த சிலிக்கா மணலை மூடிய அறையில் கொட்டிச் சலிக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. நனைத்துவிட்டுக் கையாளுங்கள், முகமூடி போடுங்கள். விரலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டியில் கை விடாதீர்கள். மீன்தொட்டிக் கிருமி ஒன்று அந்தப் புண்ணில் இறங்கி மாதக்கணக்கில் ஆறாத கட்டியாகும். டாக்டரிடம் போனால் 'மீன்தொட்டி வேலை செய்கிறேன்' என்று முதலில் சொல்லுங்கள், பாதி வைத்தியம் அதிலேயே முடியும். கடல் தண்ணீர் கரண்டை நன்றாகக் கடத்தும். ஆர்.சி.சி.பி. இல்லாத பிளக்கில் தொட்டியை இணைக்க வேண்டாம், ஒயர் பிளக்குக்குப் போகும்முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கையை விடும்முன் சுவிட்சை அணையுங்கள். 20 கிலோ பையை மாடிக்குத் தூக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கூலியையும் கொட்டேஷனில் போடுங்கள்.

கற்கவும் கடன் வாங்கவும்

திருச்சியிலேயே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் துறை இருக்கிறது. பட்டம் வாங்க நினைப்பவர்களுக்கு அதுதான் பக்கம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இரண்டும் கோமாளி மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் வித்தையை நம் கரைக்குக் கொண்டுவந்தவை. பயிற்சி அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். தொட்டியில் பிறந்த மீனை விற்பது கடலில் வலை போட்டுப் பிடித்ததை விற்பதைவிட நல்ல தொழில். தீனிக்கும் பழகியிருக்கும், சாவும் குறைவு. வளர்ப்புக் கூடம் போடுகிற அளவுக்கு வந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 2020-ல் வந்த திட்டம், அதில் அலங்கார மீனுக்கும் இடம் உண்டு. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதம் மானியம் என்பது அதன் கணக்கு. இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாதச் சம்பாத்தியம் தொட்டி விற்பதில் நிற்காது, பராமரிப்பில்தான் நிற்கும். துணிக்கடை, மருத்துவமனை, ஹோட்டல் என்று பத்து இடம் கையில் இருந்தால் வாரம் ஓடும். சித்திரை வெயிலில் சில்லர் நின்றாலோ கரண்ட் போனாலோ இரவு எத்தனை மணிக்கும் போன் வரும் என்பதையும் சேர்த்தே இந்தத் தொழிலுக்கு வாருங்கள்.

மூன்று நாள் போன்

மணல் சரியாக அமைந்த தொட்டியில்தான் இந்தப் போன் வரும். மலைக்கோட்டை வாசல் பக்கம் ஒரு துணிக்கடை. ரவை மணல், 7 சென்டிமீட்டர், இரண்டு மஞ்சள் ராஸ். விட்ட ஐந்தாவது நிமிடம் இரண்டும் மணலுக்குள் போய்விட்டன. மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார்: "என்னப்பா, மீனையே காணோம்." அதற்கு மறுநாள்: "செத்துப் போச்சு போலிருக்கு, ஆளை விட்டுத் தோண்டச் சொல்லவா?" பதறிப்போய்ச் சொன்னேன்: "வேண்டாம்ணே. யாரும் கையை விடக் கூடாது. பயணக் களைப்பு, நேரம் மாறின குழப்பம். அதுவா வரும். தண்ணி கெட்டுச்சான்னு நான் வந்து பார்க்கறேன்." போய் அம்மோனியா பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கொஞ்சம் தீனியைத் தூவிவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் இரவு ஒன்பதரைக்கு அந்தக் கடையின் இரவுக் காவலர் போன் செய்தார். அறுபது தாண்டிய பெரியவர். "தம்பி, சாயங்காலமே ரெண்டும் வெளியே வந்துடுச்சு. எறா தின்னுச்சு. இப்ப லைட்டை அணைச்சேன். ஒண்ணு அப்படியே மூக்கை உள்ளே விட்டுச்சு, வாலை ஒரு ஆட்டு ஆட்டுச்சு, காணோம். மணல்ல ஒரு சின்னக் குழி மட்டும் தெரியுது. இன்னொண்ணு இன்னும் இடம் பார்த்துட்டு சுத்துது."

"சத்தம் போடாம அப்படியே உட்கார்ந்திருங்க ஐயா" என்றேன். போனை வைக்காமல் இரண்டு பேரும் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் மெல்லச் சொன்னார்: "இதுவும் போயிடுச்சு."